மூன்றாம் ஓலைக்கு முன்

பூசை முடிந்து கடைசி ஆசீர்வாதத்துக்கு முன், பங்குச் சாமியார் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார். காலஞ்சென்ற சவரிநாதனுக்கும் எமல்டாவுக்கும் மகனான கிளமன்ட், மாத்தளை ஆறுமுகநாதன் ஞானாம்பிகை தம்பதியின் மகள் நிரஞ்சலாவை ஆயரின் அனுமதியோடு மணமுடிக்கப் போகிறான். பெண் சைவம், அதனால்தான் அந்த அனுமதி. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பி எமல்டாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாய் சாமியாரின் அடுத்த வரியில் அப்படியே நின்றுபோனது.

"இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள், அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

அறிந்தவள் ஒருத்தி இருந்தாள். மூன்றாவது பெஞ்சில், கொண்டைக்குப் புது வலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் தாயாக உட்கார்ந்திருந்தாள்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிரஞ்சலா சைவம் இல்லை. அதாவது, வீட்டில் சைவம், நெற்றியில் திருநீறு, சிவராத்திரிக்கு விரதம், எல்லாம் உண்மைதான். ஆனால் பிறந்த எட்டாம் நாளே அவளுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அது பெற்றவர்களுக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது, சாமியாருக்கும் தெரியாது. கொடுத்தவளுக்கு மட்டும்தான் தெரியும். கொடுத்தவள் எமல்டா.

அந்தப் பிள்ளைதான் நிரஞ்சலா என்பது அவளுக்கே நிச்சயதார்த்தம் வரை தெரியாது, பாவம். இரத்தோட்டையிலிருந்து பலகாரத் தட்டுகளோடு மாத்தளைக்குப் போய், சம்பந்தி வீட்டு ஹாலில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கும்போதுதான் ஞானாம்பிகை டீச்சர் கதையை எடுத்தார். "இவளைப் பெத்தது இந்த டவுனிலதான். அந்தக் காலத்தில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது, இப்ப இல்லை. ஒப்பரேசன். எட்டாம் நாள் சிவராத்திரி. இவர் கோயிலுக்குப் போயிட்டார், நான் தையல் பழுத்த காய்ச்சலுக்குப் போட்ட மருந்து மயக்கத்தில நித்திரை. பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுத் திணறலாம், பிறகு சரியாயிட்டுதாம். எனக்குப் பின்னேரம்தான் சொன்னவை."

எமல்டாவின் கோப்பை சாய்ந்தது. தேத்தண்ணி சாஸரில் கொட்டியது. அந்த நர்சிங் ஹோமில் பிள்ளை அறைக்கு அட்டென்டனாக இருந்தவள் அவள்தான். கிளமன்ட் அப்போது தவழ்கிற பிள்ளை, மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அந்த நீலச் சட்டை அட்டென்டனை டீச்சருக்கு எப்படி நினைவிருக்கும்? அந்த மனிசிக்கு அன்றைக்கு முகங்கள் பார்க்கிற நிலைமை இல்லை.

அதே ஹாலில், அந்தக் கதை முடிந்த கையோடு, மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து இளைப்பாறிய உத்தியோகத்தர் ஆறுமுகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் ஒரே நிபந்தனையைச் சொன்னார். "கலியாணம் கோயிலிலயும் நடக்கட்டும், சேர்ச்சிலயும் நடக்கட்டும். ஆனா என்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம் எண்டு ஒண்டு குடுக்கப்படாது. அப்பிடியெண்டா இந்தப் பேச்சை இதோட விட்டிடுவம்."

கிளமன்ட் சந்தோஷமாகத் தலையாட்டினான். எமல்டாவும் ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

சரி, ஏன் கொடுத்தாள்? அன்றைக்கு லீவு நாள். டாக்டர் கண்டியில். பிள்ளை திடீரென்று நீலம் பாரித்து, உதடு கருத்து, மூச்சு விட்டு விட்டு இழுத்தது. நர்ஸ் பார்த்தாள், "இது தேறாது போல எமல்டா, பாத்துக்க, நான் டாக்டருக்குப் போன் எடுக்கிறேன்" என்று ஓடினாள். அறையில் எமல்டாவும் அந்தப் பிள்ளையும் மட்டும். பால் கரைக்க ஆற வைத்திருந்த தண்ணீர் கோப்பையில் இருந்தது.

கிளமன்டுக்கு முன்னால் எமல்டாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அப்போது அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார், அவர் வரும்போது ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். றோசலின் என்று பேர் கூட எடுத்து வைத்திருந்தாள். பிள்ளை காத்திருக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில், தாய் அசந்து தூங்கிய நேரத்தில், வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிந்த பிறகு வந்து, முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் போன பிள்ளை அது.

அதனால் அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. கோப்பையை எடுத்தாள். அந்த நீலத் தலையில் மூன்று தடவை ஊற்றினாள். "றோசலின், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றாள். ஆமாம், அந்தப் பேரைத்தான் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீரென்று கத்தியது. டாக்டர் வந்தார், ஒட்சிசன் வந்தது, பிள்ளை பிழைத்தது. எமல்டா தரையைத் துடைத்துவிட்டு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த நல்ல காரியம்தான் இப்போது குரல்வளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வளர்த்த ஒன்று உண்டு: ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிற ஞானத்தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அந்த ஞானப்பிள்ளையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எமல்டாவின் சின்னம்மா மகனுக்குப் பேசிய கல்யாணம் அப்படித்தான் நின்றது. பெண்ணின் தாய் அவனை ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கிப் பிடித்தவள் என்று ஒரு கிழவர் ஞாபகப்படுத்தியதோடு சரி, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அங்கே தூக்கிப் பிடித்ததற்கே அந்தப் பாடு. இங்கே தண்ணீர் ஊற்றியவளும் இவளே, பேர் வைத்தவளும் இவளே, வைத்த பேரும் சொந்த மகளுடைய பேர். அப்படியானால் கிளமன்ட் யாரைக் கட்டப் போகிறான்?

சொன்னால் ஆறுமுகநாதன் பேச்சை முறிப்பார். சொல்லாவிட்டால் அண்ணனும் தங்கச்சியும் பீடத்துக்கு முன்னால் கைபிடிப்பார்கள், அதற்குத் தாய்க்காரி பட்டுச்சேலை கட்டிச் சாட்சி நிற்பாள். ஐயோ மாதாவே!

அந்த வாரம் எமல்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுச் செபமாலையை எடுப்பாள், செபமாலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கருகின பருப்புக்கு ஓடுவாள். முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கூட்டி அள்ளி, மறுபடி பரப்பி, மறுபடி அள்ளினாள். ராத்திரிச் சாப்பாட்டில் கிளமன்ட் கேட்டே விட்டான்.

"என்னம்மா, தேங்காச் சம்பலுக்குச் சீனி போட்டிருக்கீங்க?"

"கை மாறிருச்சுடா."

"நிரஞ்சலாவப் புடிக்கலையா ஒங்களுக்கு? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"வாயக் கழுவு! அந்தப் புள்ளையப் புடிக்காம யாருக்குடா இருக்கும்?"

சொல்லும்போதே அழுகை முட்டியது, ஏனென்றால் அது உண்மை. நிரஞ்சலா வருகிற ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குள் நுழைந்து, "மாமி, நான் தேங்கா துருவுறேன், நீங்க கொஞ்சம் ஒக்காருங்க" என்று சொல்கிற பெண். எமல்டாவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெற்ற பாசம் பொங்கியது, பொங்கின பாசமே பயத்தைக் கூட்டியது.

இரண்டாம் ஞாயிறு இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி. எமல்டா அன்றைக்கு ஒரு தந்திரம் செய்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் அதை வெளியில் எடுக்க முடியாது, நம் மனப்பாரமும் இறங்கும், கல்யாணமும் நிற்காது. இப்படிக் கணக்குப் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டாள். சாமியார் இளம் பையன், நேற்றுத்தான் குருமடத்தை விட்டு வந்தவர் போல இருப்பார். ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்ட சாமியார் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, சாகப் போற புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தது பாவம் இல்லையே. பாவம் இல்லாதத இங்க ஏன் சொல்றீங்க? வெளிய வந்து அறை வீட்டுல சொல்லுங்க, அப்பத்தான் நான் ஒதவி செய்ய முடியும்."

போயிற்று தந்திரம். எமல்டா கொஞ்ச நேரம் மாதா சுரூபத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, திருப்பூசை உடுப்புகள் வைக்கிற அந்த அறை வீட்டுக்குள் போய் முதலிலிருந்து சொன்னாள்.

சாமியார் கவனமாகக் கேட்டார். தண்ணீர் தலையில் ஓடினதா? தண்ணீரை ஊற்றிக்கொண்டே அந்த வார்த்தைகளைச் சொன்னாளா? திருச்சபை செய்கிறதைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்ததா? எமல்டா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"அப்ப அது செல்லும். அந்தப் புள்ள ஞானஸ்நானம் பெற்றவதான்."

"அப்ப கல்யாணம் செல்லாதா சாமி? ரெண்டு பேரும் கூடப்பொறந்த மாதிரியில்ல?"

சாமியார் சிரித்துவிட்டார். "யாரம்மா ஒங்களுக்குச் சொன்னது? பழைய சட்டத்துல ஞானஸ்நானம் குடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் நடுவுல ஒரு தடை இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாங்க, நான் பொறக்கிறதுக்கு முந்தியே. அது இருந்த காலத்துலயும் ஒங்க மகனுக்கு அது ஒட்டாது. அந்தப் புள்ள ஒங்க மகனுக்குத் தங்கச்சியும் இல்ல, அக்காவும் இல்ல."

எமல்டா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மா மகன் நினைவுக்கு வந்தான். கடைசி வரை கட்டாமலே கிடந்து செத்துப்போன மனிசன். ஒருத்தராவது ஒரு சாமியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! அவளுக்கு ஆறுதலும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"அப்ப ஒண்ணும் இல்லையா சாமி? நான் போகலாமா?"

"இருங்க. ஒண்ணு இருக்கு." சாமியாரின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "ஞானஸ்நானம் பெறாத பொண்ணுன்னு சொல்லித்தான் ஆயர்கிட்ட நான் அனுமதி கேட்டேன். இப்ப எனக்கு உண்மை தெரியும். தெரிஞ்சுக்கிட்டு அப்படியே நடத்த முடியாது, திரும்ப ஆயர்கிட்டப் போகணும். அதுக்கு முந்தி அந்தப் புள்ளைக்குத் தெரியணும். அவ தலையில ஊத்தின தண்ணி, அவளுக்குத் தெரியாம எப்படி? மூணாம் ஓலைக்கு முந்தி நீங்களே போய்ச் சொல்லிருங்க. இல்லாட்டி நான் மூணாம் ஓலைய வாசிக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றைத் தூக்கி வைத்துவிட்டார். பாவம் இல்லை என்றாகிவிட்டது, கல்யாணம் மட்டும் இன்னும் அந்தரத்தில் தொங்கியது.

சனிக்கிழமை வரை தள்ளிப் போட்டாள். சனிக்கிழமை கிளமன்ட் வேலைக்குப் போனதும் மாத்தளைக்குப் போக பலீலின் த்ரீவீலைக் கூப்பிட்டாள். பலீல் சந்தி ஸ்டாண்டில் ஓடுகிறவர், நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. பாதி வழியில் எமல்டா, "திருப்புங்க பலீல், வீட்டுக்குப் போவோம்" என்றாள். திருப்பினார். கொஞ்ச தூரம் வந்ததும், "இல்ல, டவுனுக்கே போங்க" என்றாள். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கும்போது பலீல் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, எனக்கு ஒண்டும் இல்ல, பெற்றோல்தான் போகுது. ஊட்டுக்கா, டவுனுக்கா? ஒரு முடிவாச் சொல்லுங்க."

"டவுனுக்கு," என்றாள் எமல்டா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. "இனி நான் என்ன சொன்னாலும் திருப்பாதீங்க."

ஆறுமுகநாதன் வெளியில் போயிருந்தார். அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். ஹாலில் டீச்சரும் நிரஞ்சலாவும் கல்யாண அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ சம்பந்தி, என்ன திடீரெண்டு? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேணாம் டீச்சர். தேத்தண்ணி குடிச்சா சொல்ல மாட்டேன்."

நின்றுகொண்டே சொன்னாள். நீலச் சட்டை, சிவராத்திரி, கண்டியில் இருந்த டாக்டர், கோப்பைத் தண்ணீர், எல்லாம். சாமியார் சொன்னதையும் சொன்னாள். 

நிரஞ்சலாதான் முதலில் பேசினாள். அவள் விரல்களில் மஞ்சள் காய்ந்துபோயிருந்தது. "அப்ப எனக்குத் தெரியாமலே நான் கிறிஸ்டியனா மாமி?"

"சட்டத்துல அப்பிடித்தானாம்மா."

"ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா? எட்டு நாள் புள்ளையக் கேக்க முடியாது, சரி. பெத்தவங்களக் கேக்கலாமில்ல?" அவள் குரல் உயர்ந்தது. "நான் சைவம். இந்த வருசமும் சிவராத்திரிக்கு முழிச்சிருந்தேன், அடுத்த வருசமும் இருப்பேன், கிளமன்டக் கட்டினாலும் இருப்பேன். பாதர் எத எழுதணுமோ எழுதட்டும். நான் மாறல. அப்பாவுக்குக் குடுத்த வாக்க நான் மீறவும் இல்ல."

எமல்டாவுக்கு அந்தக் கோபத்தைக் கேட்க ஆறுதலாக இருந்தது. கிளமன்டைக் கட்டினாலும் என்றாளே, அது போதும். ஆனால் டீச்சர் கையிலிருந்த அழைப்பிதழைக் கீழே வைத்தார். எமல்டாவையே பார்த்தார்.

"பிள்ளை சாகப் போகுதெண்டு நர்ஸ் உங்களுக்குச் சொன்னதோ?"

"தேறாதுன்னு சொன்னாங்க டீச்சர்."

"எனக்குக் கொஞ்சம் மூச்சுத் திணறல் எண்டுதான் சொன்னவை. இத்தனை வருசமும் நான் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன்." டீச்சர் எழுந்து நின்றார். "நான் எங்க இருந்தனான்?"

"பக்கத்து அறையில, டீச்சர்."

"கதவு?"

"தெறந்துதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னை எழுப்பேல்லை?"

மருந்து மயக்கம் என்று சொல்லலாம். நேரம் இல்லை என்று சொல்லலாம். கோப்பையை எடுக்க நேரம் இருந்தது, பேர் வைக்க நேரம் இருந்தது.

"உங்கட சாமியைக் கூப்பிட்டியள், நல்லது, அதைப் பிழையெண்டு சொல்லேல்லை. எந்தச் சாமியைக் கூப்பிட்டிருந்தாலும் நான் உங்கட காலில விழுந்திருப்பன். ஆனா என்ர பிள்ளை அந்தரப்படேக்கை பெத்த தாயை நீங்கள் கூப்பிடேல்லை. அவள் செத்திருந்தா நான் எழும்பி வந்து என்னத்தைப் பாத்திருப்பன்?"

எமல்டாவுக்கு நினைவு வந்தது: தோட்டத்து ஆஸ்பத்திரி, விடிகாலை, வெறும் தொட்டில். இவ்வளவு காலமும் அவள் மனதில் இருந்தது தண்ணீர் ஒன்றுதான். தன் பிள்ளைக்குக் கிடைக்காத தண்ணீரை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். தனக்குக் கிடைக்காத இன்னொன்றை இந்த மனிசிக்கும் கிடைக்காமல் செய்ததை ஒரு நாளும் நினைத்ததில்லை. சாமியாரும் பாவம் இல்லை என்று சொல்லிவிட்டாரே.

"என்னையும் எழுப்பல டீச்சர்," என்றாள். "என் மொதப் புள்ள போனப்ப என்னையும் யாரும் எழுப்பல. பக்கத்துலயே தூங்கிக்கிட்டு இருந்தேன். அது எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சும் ஒங்கள எழுப்பல. என்ன மன்னிச்சிருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக் கூட அப்படி அழுததில்லை. நிரஞ்சலா எழுந்து வந்து, மஞ்சள் கையோடு அவளைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் கதிரையை இழுத்து எமல்டாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"நிரஞ்சலா, அப்பா வந்தா நீ ஒண்டும் சொல்லாதை. நான் சொல்லுறன். பிள்ளை பிழைச்ச கதையை முதல் சொல்லுவன், தண்ணியைப் பிறகு சொல்லுவன். அவர் என்னத்தைச் சொன்னாலும், நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்." எமல்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ. அண்டைக்கு நடந்ததை, துவக்கத்தில இருந்து. எப்ப நீலமானது, கண்ணைத் திறந்தவளோ, கையை எப்பிடி வச்சிருந்தவள், ஆரைத் தேடினவள். ஒண்டையும் விடாதேங்கோ. நான் இப்ப முழிச்சிருக்கிறன்."